உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்கப்படும் ஒரு சம்மதம்

நிலக்கோட்டையில் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோதான் போவோம். அங்கே வார்டில் படுத்திருக்கும்போது ஒரு டாக்டர் வந்து, "ஒரு ஆராய்ச்சி நடக்குதும்மா, நீங்களும் சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்கலாம். கையில் நாலைந்து பக்க அச்சுத்தாள் இருக்கும். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? "நம்மளை வச்சு சோதனை பண்றாங்க" என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. "டாக்டர் சொன்னா சரிதான்" என்று படிக்காமலே கைநாட்டு வைக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தத் துணுக்குகள். நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

1. திண்டுக்கல் பெண்கள் உலகுக்குச் சொன்னது

பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சாவைக் குறைக்க முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய பெரிய ஆய்வு ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் நடந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகிய மூன்றும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கின. மாவட்டத்தில் 114 தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57-இல் வழக்கமான வைத்தியம் மட்டும். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். 2007-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது: அழைக்கப்பட்ட தொகுதிகளில் நோய் 25 சதவீதமும், அந்த நோயால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

2. ஒரு பஞ்சு, ஒரு நிமிடம்

அந்தப் பரிசோதனை இவ்வளவுதான். வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தின் 4 சதவீதக் கரைசலில் நர்ஸ் பஞ்சை நனைக்கிறார். கர்ப்பப்பை வாயில் தடவுகிறார். ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறார். கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டால் அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையை, பயிற்சி பெற்ற அதே நர்ஸே செய்துவிடுவார். ஊசி மருந்து இல்லை, ஆபரேஷன் தியேட்டர் இல்லை. தமிழக அரசு பின்னர் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாக நடத்தி, பிறகு மாநிலம் முழுவதும் கொண்டுபோன பரிசோதனையும் இதே முறைதான். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய அக்காவையோ அம்மாவையோ "ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்க" என்று நர்ஸ் கூப்பிட்டால், அதற்குப் பின்னால் இந்த மாவட்டத்துப் பெண்களின் பங்கு இருக்கிறது.

3. அழைக்கப்படாத 57 தொகுதிகள்

இதே ஆய்வைப் பற்றி ஒரு கடுமையான கேள்வியும் எழுந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பாதிப் பெண்களைப் பரிசோதனை இல்லாமல் விட்டது சரியா? மும்பையிலும், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் இதே போன்ற ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்து, பரிசோதிக்கப்படாத குழுக்களில் 254 பெண்கள் இந்த நோயால் இறந்ததை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். பரிசோதனை இல்லாத வழக்கமான வைத்தியம்தான் அன்றைக்கு நாட்டில் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைத்துவந்தது என்பது ஆய்வாளர்கள் தரப்பு. எந்த ஆய்வாக இருந்தாலும், "எனக்கு அந்தப் புது சிகிச்சை கிடைக்காவிட்டால், வேறு என்ன கிடைக்கும்?" என்று கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம்.

4. கேட்காமல் எடுத்த திசு

1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்தவர் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாய். அவரைக் கேட்காமலே எடுத்த திசு, ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தது. போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி உட்பட எத்தனையோ ஆய்வுகள் அந்தச் செல்களை வைத்து நடந்தன. அவர் அதே ஆண்டு 31 வயதில் இறந்துபோனார். செல்கள் உலகெங்கும் விற்பனையானது அவர் குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் தெரியவே தெரியாது. உங்கள் இரத்தமோ சதையோ ஆராய்ச்சிக்குப் போகிறதென்றால் அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும் என்ற இன்றைய வழக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு அவர் கதை பெரிய உதாரணம்.

5. தோகை பட்ட கண்

வயலில் களையெடுக்கும்போது சோளத்தோகையோ நெல்தாளோ கண்ணில் அடிப்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிலிருந்து கருவிழிப் புண் வரலாம். அந்தப் புண் மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு வந்ததாக 1990-களில் ஒரு ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் அதே கணக்கு 11 தான். 1994-இல் மூன்றே மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் காரணம் பூஞ்சை.

6. விலை கூடிய மருந்து தோற்றது

பூஞ்சைப் புண்ணுக்கு நெடுங்காலமாக இருப்பது நாட்டாமைசின் என்ற சொட்டு மருந்து. பிறகு வோரிகொனசோல் என்ற விலை கூடிய புது மருந்து வந்தது. புதுசுதான் நல்லது என்று பல டாக்டர்களும் நினைத்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைகளும் சான்பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010, 2011 ஆண்டுகளில் இதைச் சோதித்தன. 940 நோயாளிகளைப் பார்த்து, தகுதியுள்ள 323 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு எந்தச் சொட்டு என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளந்தவருக்கும் தெரியாது. பழைய நாட்டாமைசினே பார்வையைக் கூடுதலாகக் காப்பாற்றியது. அதுவும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வந்தவர்களுக்கு வித்தியாசம் மிகப் பெரியது. 2013-இல் முடிவு வெளியானது. தமிழ்நாட்டுக் கழனிகளிலிருந்து வந்தவர்கள் கண்ணில் ஊற்றிக்கொண்ட சொட்டை வைத்துத்தான் இன்று பல நாட்டு டாக்டர்கள் மருந்து எழுதுகிறார்கள்.

7. அந்த ஆய்வில் சேர்ந்தவருக்கு என்ன நடந்திருக்கும்?

முதலில் கண்ணை மரக்கச் செய்ய ஒரு சொட்டு. பிறகு சிறு கரண்டி போன்ற கருவியால் புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் நூல்நூலாகத் தெரியும். அதன் பிறகு மருந்து: முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை, அடுத்து மூன்றாம் வாரம் வரை இரண்டு மணிக்கு ஒரு தடவை. சரியாக ஊற்றினால்தான் ஆய்வும் உண்மை சொல்லும், கண்ணும் பிழைக்கும்.

எந்த ஆய்விலும் சேராதவர்களுக்கும் ஒரு சொல்: கண்ணில் எது பட்டாலும் தாய்ப்பால், இலைச்சாறு, எண்ணெய் எதையும் விடாதீர்கள். கடையில் கேட்டு வாங்கிய சொட்டும் வேண்டாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

8. வீட்டிலேயே குணமான காசநோய்

1950-களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இருந்தால்தான் பிழைக்கலாம் என்று நம்பினார்கள். ஆனால் நோயாளிகள் எத்தனையோ பேர், கட்டில்கள் கொஞ்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமையில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்தார்கள். ஒரு பகுதி சானடோரியத்துக்கு, மறுபகுதி நெருக்கடியான சொந்த வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஓராண்டுக்கு.

வீட்டிலிருந்தவர்களைச் சொல்லாமல் போய்ப் பார்த்து, மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் இது வெளியான பிறகு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மதுரையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

9. பன்னிரண்டு மாலுமிகள்

ஒரே நோய் உள்ளவர்களைப் பிரித்து, வெவ்வேறு மருந்து கொடுத்து ஒப்பிட்ட பழைய உதாரணம் 1747-இல் நடந்தது. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இரண்டு பேர் சீக்கிரம் தேறினார்கள். அதைத் தொடங்கிய மே 20-தான் இன்று உலக மருத்துவ ஆய்வு தினம்.

10. குலுக்கல் எதற்கு?

"எனக்கு எந்த மருந்துன்னு டாக்டருக்கே தெரியாதா?" என்று கேட்டுச் சிலர் கோபப்படுவார்கள். டாக்டரே பிரித்தால், தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தும் தளர்ந்தவருக்குப் பழைய மருந்தும் போய்விடலாம். அப்புறம் எது நல்ல மருந்து என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் காசு சுண்டிப்போட்டுத் தலையா பூவா பார்ப்பதுபோல் கணினி பிரிக்கிறது. இரண்டில் எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாத இடத்தில்தான் இப்படிப் பிரிப்பது நியாயம். ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை.

11. மருந்தில்லாத மாத்திரை

சில ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத, பார்வைக்கு அதே மாதிரியான மாத்திரை கொடுப்பார்கள். நிரூபிக்கப்பட்ட வைத்தியம் இருக்கிற நோய்க்கு, அதை நிறுத்திவிட்டு இப்படி வெறும் மாத்திரை கொடுப்பதை 1964-இல் உருவான ஹெல்சின்கி பிரகடனம் ஏற்பதில்லை. மிகத் தவிர்க்க முடியாத அறிவியல் காரணமும், நோயாளிக்குப் பெரிய தீங்கு வராது என்ற உறுதியும் இருந்தால்தான் விதிவிலக்கு. "வெறும் மாத்திரை உண்டா?" என்று நீங்கள் நேராகக் கேட்கலாம். பதில் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

12. பாதியில் நிறுத்துவதும் உண்டு

காசநோய் வைத்தியத்தை ஆறு மாதத்திலிருந்து நான்கு மாதமாகக் குறைக்க முடியுமா என்று சென்னையிலும் மதுரையிலும் நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. அதில் சோதித்தவை வாரம் மூன்று முறை கொடுக்கும் புது மருந்துச் சேர்க்கைகள். மருந்து முடித்தவர்களுக்கு நோய் திரும்ப வருவது கூடியதும், புதியவர்களை அந்தக் குழுக்களில் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பெரிய ஆய்வுகளுக்கு இப்படி வெளியிலிருந்து கண்காணிக்கும் நிபுணர் குழு ஒன்று உண்டு. ஆய்வு நடக்கும்போதே கணக்கைப் பார்த்து, ஆபத்து என்றால் நிறுத்தச் சொல்வது அவர்கள் வேலை.

13. பிளாஸ்மா பரபரப்பு

கொரோனா காலத்தில், நோயிலிருந்து தேறியவர்களின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மா கேட்டு எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பது நினைவிருக்கும். அதே நேரத்தில் இந்தியாவின் 39 ஆஸ்பத்திரிகளில் 464 உள்நோயாளிகள் ஒரு ஆய்வில் சேர்ந்திருந்தார்கள். பிளாஸ்மா ஏற்றிக்கொண்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும், ஏற்றிக்கொள்ளாதவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நோய் முற்றியது அல்லது உயிர் போனது. பலன் இல்லை என்று 2020 அக்டோபரில் வெளியான இந்த முடிவும், மற்ற நாட்டு ஆய்வுகளும் சேர்ந்து 2021 மே மாதம் பிளாஸ்மாவை அரசு சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தன.

14. மலிவான மருந்து வென்றது

அதே 2020-இல் பிரிட்டனில் கொரோனா வார்டுகளில் இருந்தவர்களிடம் 'ரெக்கவரி' ஆய்வு நடந்தது. மார்ச் மாதம் தொடங்கி, ஜூன் 16 அன்றே ஒரு பதில் வந்துவிட்டது: மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டெக்சாமெதசோன், வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அந்த மாதம் முடிவதற்குள் இந்திய அரசும் அதைச் சிகிச்சை முறையில் சேர்த்தது. மூச்சுத் திணறிப் படுத்திருந்த ஆயிரக்கணக்கானோரும் அவர்கள் குடும்பங்களும் சொன்ன "சரி"தான் அதற்குக் காரணம்.

15. வேலூர்க் குழந்தைகள்

அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கைக்குழந்தைக்கு வாயில் விடும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துகளில் ஒன்று 'ரோட்டாவேக்'. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 1980-களில் பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த வைரஸிலிருந்து அது உருவானது. 2011-இல் தொடங்கிய அதன் பெரிய ஆய்வில் டெல்லி, புனே, வேலூரைச் சேர்ந்த 6,799 குழந்தைகள் பங்கெடுத்தார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்கு மேல் அது தடுத்தது. 2016 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது.

16. ஒரு ஆய்வு போதாது

பிறந்தவுடன் குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் பிழைப்பது கூடுமா என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் 11,619 குழந்தைகளிடம் பார்த்தார்கள். ஆரம்ப மாதங்களின் சாவு 22 சதவீதம் குறைந்ததாக 2003-இல் முடிவு வந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த பெரிய ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பரவலாகக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. முதல் முடிவு பொய் இல்லை. உண்மையைப் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சரிபார்த்துத்தான் மருத்துவம் நகர்கிறது.

17. மறைத்தவர்கள்

நம்பிக்கையை உடைத்த கதைகளையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் வந்த 399 கறுப்பின ஆண்களுக்குப் பென்சிலின் கிடைத்த பிறகும் கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில், வட்டாரப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு 1999, 2000 ஆண்டுகளில் ஒரு சோதனை மருந்தை ஊசியாகப் போட்டார்கள். கூட்டாளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், தன் அனுமதியில்லாமல் தன் ஆய்வாளர் நடத்திய வேலை இது என்று 2001-இல் அறிவித்து, மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்குத் தலைமை தாங்க அவருக்குத் தடை போட்டது.

18. வார்டன் போட்ட கையெழுத்து

2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது. சில சிறுமிகள் இறந்ததும் 2010-இல் அதை நிறுத்தினார்கள். அந்தச் சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் சம்மதம் வாங்கிய விதம் நாடாளுமன்றக் குழுவை அதிர வைத்தது: பார்த்த 9,543 படிவங்களில் 2,763 படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். தடுப்பூசி நல்லதுதான். அதற்காக அப்பா அம்மாவைக் கேட்காமல் விட முடியாது.

19. சட்டம் வந்த வழி

இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்திய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றம் போனது. நோயாளிகளுக்குச் சரியாகச் சொல்லாமலே மருந்துச் சோதனை நடக்கிறது என்பது அவர்கள் வழக்கு. சம்மதம் வாங்குவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று 2013 அக்டோபரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 2019-இல் வந்த 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள்'. முற்றிலும் புதிய மருந்தை, எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களிடம் சோதிப்பதென்றால், சம்மதம் வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும்.

20. டாக்டரல்லாதவருக்கும் ஓட்டு

எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் தொடங்கக் கூடாது. 2019 விதிகளின்படி அதில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். டாக்டர்கள் மட்டும் போதாது. சட்டம் தெரிந்த ஒருவர், ஒரு பெண், சமூக ஆர்வலர் போன்ற ஒருவர், மருத்துவத் துறையே சாராத சாதாரணப் பொதுமக்களில் ஒருவர் கட்டாயம். உறுப்பினர்களில் பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவின் தொலைபேசி எண் உங்கள் தாளில் இருக்கும். புகாருக்கு நேராகக் கூப்பிடலாம்.

21. கைநாட்டு என்றால் சாட்சி

படிக்கத் தெரியாதவரிடம் கட்டைவிரல் ரேகை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி, ஆரம்பம் முதல் கடைசி வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவருக்கு முன்னால் தமிழில் படித்துக் காட்டி, சந்தேகம் தீர்த்து, அதன் பிறகுதான் ரேகை. சாட்சியும் தேதியோடு கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதி உங்களுக்கு. கேட்டு வாங்கி, ஓபி சீட்டோடு பத்திரமாக வையுங்கள்.

22. "வேண்டாம்" சொன்னால்?

ஒன்றும் ஆகாது. உங்களுக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியம் அப்படியே தொடர வேண்டும். கட்டில் போகாது, மருந்து நிற்காது. சேர்ந்த பிறகு நாலாம் நாள் மனம் மாறினாலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மருந்தைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து உண்டா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு விலகுவது உடம்புக்கு நல்லது.

23. பாதிப்பு வந்தால் செலவு யாருடையது?

ஆய்வில் இருக்கும்போது உடம்புக்குக் கேடு வந்தால், அந்த வைத்தியம் இலவசம். கேட்டுக்குக் காரணம் ஆய்வுதான் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. உயிரிழந்தால் 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பஸ் செலவும், போன அன்றைய கூலியும் தருவது உண்டு. அந்தத் தொகையையும் நெறிமுறைக் குழுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். பணத்தைக் காட்டி ஆள் பிடிப்பது கூடாது.

24. அரசு ஆஸ்பத்திரியில் அடிக்கடி நடப்பது

எல்லா ஆராய்ச்சியும் புது மருந்து இல்லை. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொரு டாக்டரும் ஒரு ஆய்வு செய்து எழுதித்தான் பட்டம் வாங்க வேண்டும். மதுரைப் பெரியாஸ்பத்திரி போன்ற இடங்களில் வார்டில் கேள்விகள் கேட்பதும், பரிசோதனைக்கு எடுக்கும்போது கொஞ்சம் கூடுதல் இரத்தம் கேட்பதும் பெரும்பாலும் அதற்காகத்தான். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இந்தச் சிறிய ஆய்வுகளுக்கும் நெறிமுறைக் குழு அனுமதியும் உங்கள் சம்மதமும் வேண்டும்.

25. பையனையும் கேட்க வேண்டும்

நோயாளி குழந்தையென்றால் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் ஏழு வயது தாண்டிய பிள்ளைக்கு அதன் வயதுக்குப் புரியும்படி சொல்லி, அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள். 12 வயதுக்கு மேல் என்றால் பிள்ளையும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

26. போனிலேயே சரிபார்க்கலாம்

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007-இல் ஒரு பொதுப் பதிவேடு தொடங்கியது. 2009 ஜூன் முதல் அதில் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வின் பதிவெண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலேஜ் படிக்கிற பிள்ளை போனில் தட்டிப் பார்த்து, யார் நடத்துகிறார்கள், பணம் யாருடையது, எந்தெந்த ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று சொல்லிவிடும்.

27. கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

இது எனக்கான வைத்தியமா, ஆராய்ச்சியா, இரண்டும் சேர்ந்ததா? சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்? இதில் என்ன ஆபத்து, என்ன நன்மை? எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு இரத்தம் எடுப்பீர்கள்? செலவு யாருடையது, கேடு வந்தால் யாரைக் கூப்பிடுவது? என் பேரும் நோயும் வெளியே தெரியாமல் இருக்குமா? முடிவு வந்ததும் எனக்குச் சொல்வீர்களா?

அவசர நோயாக இல்லாவிட்டால், தாளை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று நேரம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற ஆய்வென்றால் தைரியமாகச் சேருங்கள். திண்டுக்கல் பெண்களைப்போல, சென்னையின் காசநோயாளிகளைப்போல, உங்களுக்குப் பின்னால் வரும் பலருக்கு அது வழிகாட்டும். கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால், கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் வைத்தியம் அதனால் நிற்காது.